பாயை இறக்கியவள்

“பின்னாடி அந்த நீலப் பாய் எங்க வருதுன்னு பார்த்துச் சொல்லுங்க டாக்டர்” என்றாள் அவள், படகின் சுக்கானை விடாமல்.

பல் டாக்டர் திரும்பிப் பார்த்தார். “நெருங்கிட்டா. ஆனா கவலைப்படாதீங்க மேடம், கப்பு நமக்குத்தான்.”

கவலைப்படாமல் இருக்க முடியுமா? படகுக் கிளப்பில் இவளுக்கு அடங்காப்பிடாரி என்று பெயர். தனியாளாகப் படகோட்டும் அந்த நீலப் பாய்க்காரி இவளுக்கும் ஒரு படி மேல். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருத்தி வந்து உட்கார்ந்தால் மற்றவள் எழுந்து போய்விடுவாள். இந்த சீசனில்தான் கிளப்பில் சேர்ந்த டாக்டருக்கே அது தெரிந்திருந்தது.

ஏரிக்கு மேற்கே வானம் கன்னங்கரேலென்று திரண்டிருந்தது. இடி உறுமியது. அதுவரை தள்ளிக்கொண்டு வந்த காற்று சட்டென்று நின்று, பாய் துவண்டு தொங்கியது.

“பாயை இறக்குங்க.”

“என்ன மேடம் இது? எல்லைக் கொடி கண்ணுக்குத் தெரியுது.”

“தெரியட்டும். இப்படிக் காத்து நின்னா, அடுத்து வர்றது படகையே புரட்டிப் போட்டுடும். இவ்வளவு பெரிய தண்ணியில நம்ம பாய்மரம்தான் உசரம். மின்னலுக்கு வேற நாம வழிகாட்டணுமா?”

டாக்டர் தயங்கினார். இடிக்குப் பயந்து பந்தயத்தை நிறுத்தும் வழக்கமே அந்தக் கிளப்பில் இல்லை. நடுவில் பாயை இறக்கியவர் பெயரை வாசல் கரும்பலகையில் எழுதி, அடுத்த பந்தயம் வரை அழிக்காமல் வைத்திருப்பார்கள். அதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

“போர்டுல பேர் எழுதிடுவாங்களே மேடம்.”

“கொட்டை எழுத்துல எழுதட்டும். சாக்பீஸ் நானே வாங்கித் தரேன்.”

கயிற்றை அவளே அவிழ்த்தாள். சரசரவென்று இறங்கிய பாயைச் சுருட்டி இறுக்கிக் கட்டினாள். “நடுவுல தாழ்வா உட்காருங்க. மரத்தையும் கம்பியையும் தொடாதீங்க. துடுப்பை எடுங்க, பக்கத்துக் கரைக்குப் போயிடலாம்.”

டாக்டருக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு வாய் கிழியப் பேசுகிறவள் ஒரு இடிக்கு இப்படிப் பயப்படுவாளா? ஆனால் அவள் வானத்தைப் பார்க்கவே இல்லை. வைத்த கண் வாங்காமல் நீலப் பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“லைஃப் ஜாக்கெட் பட்டியை மாட்டியிருக்காளா பாருங்க. மாட்டியிருக்க மாட்டா. என்னிக்கும் மாட்ட மாட்டா, கழுதை.”

எதிரியின் பட்டியைப் பற்றி இவளுக்கென்ன என்று டாக்டர் நினைப்பதற்குள், நீலப் பாய் ஒரு கணம் தடுமாறியது. பிறகு அதுவும் மளமளவென்று கீழே இறங்கியது.

அடுத்த நிமிடம் காற்று பேயாக அடித்தது. மழை கொட்டியது, ஏரி கொந்தளித்தது, எல்லைக் கொடி பிய்த்துக்கொண்டு போனது. பாயில்லாத இரண்டு படகுகளும் குதித்துக் குலுங்கினவே தவிர, கவிழவில்லை. இரண்டும் கரையை நோக்கி ஊர்ந்தன.

அவள் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டாள். மழையா கண்ணீரா என்று டாக்டருக்குத் தெரியவில்லை.

“அவ ஏன் மேடம் இறக்கினா? நேராப் போயிருந்தா கப்பு அவளுக்குத்தானே?”

“அவளுக்குக் கப்பு எதுக்கு? என்னைத் தோற்கடிக்கணும், அவ்வளவுதான். நான் இல்லாத பந்தயத்துல அவளுக்கு என்ன வேலை? நான் இறக்காம அவ இறக்கியிருக்கவே மாட்டா.”

“அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்க?”

“பெத்தவளுக்குத் தெரியாதா?”