ஆரஞ்சுத் தோல் கேக்

"தோலு கசக்குமே சாமி?" உண்ணாமலை சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உள்பக்க வெள்ளையைச் சுரண்டிட்டேம்மா. சர்க்கரையும் சாறும் ஊத்திக் காய்ச்சிட்டா கசக்காது. அதுக்குப் பேரு மார்மலேட்."

"பேரு என்னமோ இருக்கட்டும். சம்பந்தம் பேச வாரவங்களுக்குக் கடையில ஒரு ஸ்வீட்டு வாங்கி வச்சாப் போதாதா?"

"என் கையால செஞ்சாத்தான் மரியாதை."

அந்தப் பிடிவாதத்தை மாற்ற அவளால் முடியவில்லை. மார்மலேட் கலந்த கேக் ஓவனுக்குள் போனது. "நானாக் கூப்பிட்டா மட்டும் வெளிய வா, சாமி" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

குமாரபாளையத்திலிருந்து தீர்த்தகிரி குடும்பத்தோடு வந்து இறங்கினார். கேக்கை வாயில் போட்டவர் கண்ணை மூடிக்கொண்டார். உண்ணாமலைக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"அருமைங்க! யாருங்க செஞ்சது?"

"எங்க சாமிதானுங்க" என்றவள், உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

ஆறடி உயரமும் முறுக்கு மீசையுமாக, மாவுக் கையைத் துடைத்தபடி வந்து நின்றான் மாப்பிள்ளை சிவபிரகாஷ்.

தீர்த்தகிரி தன் மகள் ரஞ்சிதாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் மூன்றாவது துண்டை முடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கே தட்டை மாத்திக்கலாமுங்க" என்றார் அவசரமாக. "எம் புள்ள வெந்நீர் வச்சாலும் தீஞ்சு போகும்."