ரெண்டும் ஆணுங்க!

"ஜோடின்னு நீ குடுத்து நாலு மாசமாவுது பாயி, ஒரு குட்டி இல்ல!"

முனியம்மாள் முயல் கூடையைத் தொப்பென்று வைத்தாள். பின்னால் மருமகள் காவேரி தலையைக் குனிந்தபடி நின்றாள்.

ஷரீபுன்னிசாவுக்குச் சுருக்கென்றது. பென்னாகரத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கு ரிப்பேர் செய்யும் அவள் கணவர் அப்துல் ரஷீத், வீட்டுப் பின்பக்கம் முயல் வளர்ப்பவர். பொடிக் குட்டியைப் புரட்டிப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார். இதுவரை தப்பியதே இல்லை.

"உன்னச் சொல்லிக் குத்தமில்ல பாயி. எட்டு வருசமா இவளுக்கும் இல்ல. இவ ராசி, வாயில்லா ஜீவனுக்கும் ஒட்டிக்கிச்சு. தை பொறந்ததும் இவள அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டு மவனுக்கு வேற பொண்ணு பாக்கறேன்."

காவேரியின் கண்ணீர் கூடைமேல் விழுந்தது.

ரஷீத் காதில் கறுப்புப் புள்ளி உள்ள முயலைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தார். காவேரியையும் ஒரு தடவை பார்த்தார்.

"தப்பு என்னுதுங்கம்மா. ரெண்டுமே ஆணுங்க! அத வெச்சுக்கிட்டு உங்க மருமவ என்னங்க பண்ணும்?"

கறுப்புப் புள்ளியை எடுத்துக்கொண்டு, கூண்டிலிருந்து ஒரு பெரிய பொட்டை முயலைக் கொடுத்தார். முனியம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

அன்றிலிருந்து குழாயடியில் ஷரீபுன்னிசாவின் மானம் போனது.

"வெளக்கப் பாத்துப் பாத்து பாயிக்குக் கண்ணு பூத்துப் போச்சு போல!"

அடுத்த மாசமே காவேரி வீட்டில் ஆறு குட்டிகள். முனியம்மாளே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்: "எம் மருமவ கைராசி!"

ஷரீபுன்னிசாவுக்கு மட்டும் ஆறவில்லை. இத்தனை வருஷம் கட்டிக் காத்த பேரை இப்படிக் கெடுத்துக்கொண்டாரே மனுஷன்!

பத்து நாள் கழித்து, தீனி வைக்கப் போனவள் கூண்டைப் பார்த்து அசந்து நின்றாள். கறுப்புப் புள்ளி தன் வயிற்று முடியைப் பிய்த்து மெத்தை போட்டிருந்தது. மெத்தைக்குள் கண் திறக்காத ஐந்து குட்டிகள்.

"என்னங்க, இங்க வாங்க! நீங்க சொன்ன ஆணு குட்டி போட்டிருக்குது!"

ரஷீத் ஓடி வந்தார். குட்டிகளைப் பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்றுதான் பார்த்தார்.

"மெல்லப் பேசு ஷரீபு. அன்னைக்கு இதுக்கு வயசு பத்தல, அவ்ளோதான். முனியம்மாவுக்குப் பொறுமையும் பத்தல. நான் குருடனாவே இருந்துட்டுப் போறேன், அந்தப் பொண்ணு அந்த வூட்டுல இருக்கட்டும்."