படியின் அகலம்

சுவக்கீன் மேஸ்திரி சுத்தியலின் பின்பக்கத்தால் வராந்தாப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார். நல்ல பலகை கணீரென்கிறது; உளுத்தது பொத்தென்று அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளறையில் மிக்கேலின் இருமல் நின்று, காது கொடுத்துவிட்டு, மறுபடி தொடங்குகிறது. ஏலக்காட்டிலிருந்து ஏறிவரும் மூடுபனி பலகை இடுக்குகளில் புகையாய்க் கசிகிறது. வாசல்நிலையைப் பிடித்தபடி நிற்கிறாள் மிக்கேலின் மனைவி அன்னமேரி.

“எத்தன பேரு நிக்கணும்மா? கனத்தைச் சொன்னாத்தான உத்தரத்த மாத்தணுமான்னு பாக்கலாம்.”

உள்ளே கேட்கட்டும் என்று அவள் உரக்கச் சொல்கிறாள்: “மவளப் பொண்ணு பாக்க வாராவ மேஸ்திரி. நெறைய பேரு வருவாவ.” சொல்லிவிட்டுக் கண்ணால் கெஞ்சுகிறாள். ‘இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று டாக்டர் மிக்கேலை எஸ்டேட் ஜீப்பில் திருப்பியனுப்பியது ஊருக்கே தெரியும். மிக்கேலிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சுவக்கீன் தலையைக் குனிந்துகொண்டு, ஓர் ஆள் மட்டுமே இறங்கக்கூடிய குறுகலான மரப்படிக்கு முழக்கோலை வைக்கிறார். “படி இப்படியே இருக்கட்டுமா?” அன்னமேரி முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்குகிறாள், நகம் வெளுக்கிறது. உள்ளே இருமல் நிற்கிறது. இந்த முறை தொடங்கவில்லை.

“மேஸ்திரி,” மிக்கேலின் குரல் தெளிவாக வருகிறது. “படிய அகலமாவே போடும். என் பெட்டியத் தூக்குதவங்க ரெண்டு ரெண்டு பேராத்தான எறங்கணும்.”