கண்ணெல்லாம் கூரையில்

முன்வாசலுக்கு எதிரே, பால் கறக்கும் முக்காலியில் மென்னா. கிழக்கு மூலையில், சமையலறை நாற்காலியில் அவள் கணவன் எம்லின். மேற்கு மூலையில், மடக்கு நாற்காலியில், கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த பண்ணைக் கிழவர் கொரோன்வி. மென்னாவின் பக்கத்தில், கையில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியோடு நெரிஸ். வீட்டுக்குப் பின்புறம், நெரிஸோடு வந்த தோள் பெருத்த ஆள்.

உள்ளே பதுங்கிய திருடனைச் சுற்றி வளைத்தவர்கள் போல, எல்லோர் கண்ணும் வீட்டின் மேலேயே இருந்தது. வேல்ஸ் மலைச்சரிவில் ஜூன் மாதத்து அந்தி மெல்ல மங்கிக்கொண்டிருந்தது.

“யாரும் அசையாதீங்க,” என்றாள் நெரிஸ், தணிந்த குரலில். “வந்தா இப்பத்தான் வரும்.”

வரக்கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தாள் மென்னா. ஒரே ஒரு வௌவால் அந்தக் கூரையிலிருந்து வெளியே பறந்தால் போதும், எல்லாம் போச்சு. வௌவால் குடியிருக்கும் கூரையில் கை வைப்பது அங்கே சட்டப்படி குற்றம். அது குட்டி வளர்த்துக் கிளம்பும்வரை ஓர் ஆணியைக்கூடப் பிடுங்க முடியாது.

கூரையோ கிழட்டுக் குதிரையின் முதுகு போல நடுவில் குழிந்து கிடந்தது. மழை வந்தால் படுக்கைமேல் வாளி. இன்னொரு குளிர்காலப் புயலை இது தாங்காது என்று கூரை வேய்பவர்கள் சொல்லிவிட்டார்கள். இரண்டு கறவை மாடுகளை விற்று, இடித்த தேவாலயத்தின் கூரையில் இருந்த பழைய சிலேட்டுக் கல்லோடுகளாகப் பார்த்து வாங்கிக் கொல்லையில் அடுக்கி வைத்திருந்தாள். வௌவால் சோதனை முடிந்த மறு திங்கட்கிழமையே வேலை ஆரம்பம்.

இந்தச் சோதனை ஒன்றுதான் பாக்கி. சிலேட்டு வாங்கி அடுக்கியும் சோதனைக்கு ஆள் வரவில்லையே என்று சந்தையில் போவோர் வருவோரிடமெல்லாம் அவள் புலம்பியது வீண்போகவில்லை. அடுத்த வாரம் வருவதாக இருந்த சோதனைக்காரர்கள் இன்றே வந்துவிட்டார்கள். வேறொரு வீட்டு வேலை தள்ளிப்போய்விட்டதாம். வௌவாலுக்கு வண்டி வெளிச்சம் ஆகாது என்று வேனைக்கூடப் பின்பக்கம்தான் நிறுத்தியிருந்தார்கள்.

நெரிஸின் பெட்டி திடீரென்று ‘டிக்... டிக்...’ என்றது. மென்னா அதன் பக்கம் குனிந்தாள்.

“என்னம்மா அது?”

“வௌவால் சத்தம் நம்ம காதுக்குக் கேக்காது. இந்தப் பெட்டிதான் கேட்டுச் சொல்லும். பக்கத்துல எங்கயோ இருக்கு. கூரை ஓரத்தையே பாருங்க, இமைக்கிற நேரத்துல நழுவிடும்.”

மேற்கு மூலையிலிருந்து கொரோன்வி குரல் கொடுத்தார். “ஏன் கண்ணு, வௌவால் பீங்கான் தட்டு அடுக்குற மாதிரியா சத்தம் போடும்? எனக்கு அப்படித்தான் கேக்குது.”

“அது உங்க பல்செட்டு ஆடுற சத்தம். பேசாம கூரையைப் பாருங்க,” என்றாள் மென்னா.

“பல்செட்டை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேனே!”

எம்லின் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினான். நெரிஸ் உதட்டில் விரல் வைத்து எச்சரித்துவிட்டு, பெட்டியின் சத்தத்தைக் கூட்டினாள்.

சட்டென்று ஒரு கறுப்பு நிழல் புகைபோக்கியைச் சுற்றிக்கொண்டு போனது. மென்னா நெரிஸின் கையை இறுகப் பற்றினாள்.

“கூரையிலேருந்தா?”

நெரிஸ் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“இல்ல. அந்த ஓக் மரத்துலேருந்து.”

கொரோன்வி கம்பளியை உதறிக்கொண்டு எழுந்தார். “காலு மரத்துப்போச்சு. பின்பக்கம் ஒரு நடை போய் எட்டிப் பாத்துட்டு வர்றேன்.”

“உக்காருங்க!” மென்னா சீறினாள். “உங்க மூலையை யாரு பாக்குறது? நீங்க எந்திரிச்ச நேரம் ஒண்ணு பறந்துச்சுன்னா சோதனையே செல்லாதாம். என் கூரை விழுந்தா உங்க வீட்டுலதான் வந்து படுப்பேன்.”

“எம்லினையும் கூட்டிட்டு வருவியா?”

“அவன் குறட்டையையும் சேத்து.”

“ஐயோ, உக்காந்துட்டேன்.”

வானத்தின் கடைசி வெளுப்பும் போனது. பின்பக்கமிருந்து ஒரு சீட்டி கேட்டது. நெரிஸ் பெட்டியை அணைத்தாள்.

“அவர் பக்கமும் ஒண்ணும் இல்லையாம். உங்க கூரையில வௌவாலே கிடையாது. திங்கட்கிழமை தாராளமா வேலையை ஆரம்பிங்க.”

மென்னா அவளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள். நெரிஸ் முழங்காலில் தாளை வைத்து முடிவை எழுதி, உறையில் போட்டு, நாக்கால் தடவி ஒட்டினாள். “கவுன்சிலுக்கு. நீங்களே தபால்ல போட்டுடுங்க.”

மென்னா உள்ளே ஓடி, மத்தியானம் சுட்ட உலர்பழ ரொட்டியைக் கொண்டுவந்தாள்.

“ஐயோ, எதுக்கு? ஒரு துண்டு போதும்.”

“துண்டு என்ன துண்டு? முழுசா எடுத்துட்டுப் போங்க!”

வேன் முனகிக்கொண்டே மேடேறி மறைந்தது. கோழிக்கூண்டைச் சாத்த எம்லின் கைவிளக்கோடு கொல்லைக்குப் போனான். மென்னாவுக்கு விடியும்வரை பொறுக்கவில்லை. சந்துமுனையின் சிவப்புத் தபால்பெட்டிக்கு அப்போதே நடந்தாள். கொரோன்வியும் கூடவே நொண்டிக்கொண்டு வந்தார்.

“பாத்தீங்கல்ல? உங்க பேச்சைக் கேட்டு உங்களைப் பின்பக்கம் போகவிட்டிருந்தா எல்லாம் கெட்டிருக்கும்.”

“ஒத்துக்கிறேன், தாயே.”

மென்னா உறைக்கு ஒரு முத்தம் கொடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். அது அடியில் போய் விழுந்த சத்தம் அவள் காதுக்கு இனிமையாக இருந்தது.

அப்போது வீட்டின் பின்புறமிருந்து எம்லின் கத்தினான்.

“மென்னா! சிலேட்டையெல்லாம் எங்கே எடுத்து வச்சே?”