சுருங்கிய கண்மணி

எதிர்வீட்டு அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். தூசு அலர்ஜிக்கு அவள் விழுங்கும் மாத்திரையால் கண்மணி இரண்டும் சட்டைப் பொத்தான் போல விரிந்துவிடும். சாவி கொடுக்கும் முன் ஓட்டுநர்களின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பது மேற்பார்வையாளரின் வழக்கம். போன வாரம் அக்காவின் கண்ணைப் பார்த்ததும், "போதைல வந்திருக்கியா?" என்று எல்லோர் முன்பும் கேட்டு, அவளை வேலையைவிட்டே நிறுத்திவிட்டார்.

மறுநாள் அக்கா டாக்டர் சீட்டோடு போனாள். நானும் துணைக்குப் போனேன். வேடிக்கை பார்க்க என்பதே உண்மை.

"மாத்திரையாலதான்னு டாக்டரே எழுதியிருக்காரு, படிங்க."

"சீட்டு யாரு வேணா எழுதுவாங்கம்மா."

"அப்ப என் கண்ணையே பாருய்யா! கிட்ட வந்து நல்லாப் பாரு!"

அவர் டார்ச்சோடு குனிந்தார். அக்கா இமைக்கவே இல்லை. விரிந்திருந்த கண்மணி படக்கென்று கடுகளவாகச் சுருங்கியது. டார்ச் மட்டும் எரிந்தபடியே தரையில் உருண்டது. அவரைக் காணோம்.

அக்கா சாவியை எடுத்துக்கொண்டாள். வேன் நேரத்துக்குக் கிளம்பியது.

இன்று சர்க்கரை கேட்கிற சாக்கில் போய் அவள் முகத்தருகே நின்று பார்த்தேன். இடது கண்மணிக்குள் குட்டியாக ஓர் ஆள் உள்ளிருந்து தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, கண்ணுல ஏதோ இருக்கே?"

"தூசுடி," என்று அடுக்காக நாலு தும்மல் போட்டாள். "மாத்திரை போட்டாத்தான் கண்ணு விரியும். நான் போடப் போறதில்ல."