நூற்றுக்கு எட்டு

ஒஹாயோவில், பழைய சலவைக்கடை ஒன்றில் எங்கள் தேர்தல் அலுவலகம். மாலையின் கடைசி வெயில் காலி பீட்சா பெட்டிகள் மேல் கிடக்கிறது. வாக்குப்பதிவு முடிய இரண்டு மணி நேரம். ஓட்டுநர் வெண்டல் கைபேசியில், தேர்தல் முடிவு மேல் பணம் கட்டும் பந்தயச் சந்தையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். “மார்லீன், நீங்க ஜெயிக்க வாய்ப்பு நூத்துக்கு ஒம்போதுன்னாங்க. இப்ப எட்டு.” வேட்பாளர் மார்லீன் குனிந்து ஷூ லேஸைக் கட்டுகிறாள். “பந்தயம் கட்டுறவன்ல எவனுக்குப்பா இந்தத் தொகுதியில ஓட்டு இருக்கு?” கதவு திறக்கிறது. ரொட்டி ஆலையில் வேலை முடிந்த பெண்கள். சட்டைக் கைகளில் மாவு. “சாவடிக்கு வண்டி விடுறீங்களாமே, இடமிருக்கா?” வெண்டல் எண்ணுகிறான். பதினொரு பேர். வாசலில் நிற்பது சின்னக் கார். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாவியை எடுக்கிறான். “மூணு நடை அடிக்கணும். முதல்ல யாரு?”