முதல் ஸ்பூன்

"நர்சம்மா நம்ம வூட்டுக்குக் கறி துன்னத்தான் வர்றாங்கய்யா" என்றாள் வசந்தி.

அவள் புருஷன் ராஜீவ் சிரித்தான். ஒரு ஸ்பூன் சாப்பிட்டதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்டான்.

ஒரு ஸ்பூன்தான். ஆனால் வந்த மூன்று தடவையும் ஒரு ஸ்பூன்.

அவர்களுடைய எட்டு மாதக் குழந்தை ஆகாஷுக்கு ரத்தம் குறைவாக இருந்தது. சாதம், பருப்போடு கொத்துக்கறியும் குழைய வேகவைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார் திருத்தணி டாக்டர். கே.ஜி.கண்டிகையில் கரும்பு வெட்டப் போகிற குடும்பம். குழந்தைக்கென்று மட்டும் நூறு கிராம் வாங்கிக் கொத்திக்கொண்டு வருவான் ராஜீவ். பெரியவர்கள் அதைத் தொடுவதில்லை.

வசந்திக்கோ பயம். பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளைக்கு வேர்க்கடலை தொண்டையில் சிக்கி, பிழைத்ததே பெரிய விஷயம். முதல் நாள் குழந்தையின் வாய்வரை ஸ்பூனைக் கொண்டுபோனவள், திரும்பக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டாள்.

அன்றைக்கு எடை பார்க்க வந்திருந்த கிராம நர்ஸ் அனுசுயா, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைத்து, மத்தால் கடையச் சொன்னார். அப்போதும் வசந்தி தயங்கினாள். அனுசுயா வேறொரு ஸ்பூனில் கொஞ்சம் எடுத்துத் தன் வாயில் போட்டு, நாக்கால் நசுக்கி விழுங்கினார்.

"கரைஞ்சி போச்சும்மா. தைரியமா குடு."

வசந்தி கொடுத்தாள். ஆகாஷ் முகத்தைச் சுளித்தான். பிறகு அடுத்த வாய்க்குத் தானே வாயைத் திறந்தான்.

அடுத்த இரண்டு முறையும் அப்படியே. இவள் தயங்குவாள், அவர் ஒரு ஸ்பூன் எடுப்பார். மூன்றாவது முறை வசந்தியின் கண் கிண்ணத்திலேயே இருந்தது.

"இனிமே பயம் இல்ல நர்சம்மா. நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அனுசுயாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப சந்தோஷம்மா" என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தார்கள். நன்றாக ஏறியிருந்தது. வசந்திக்கு மனசு குறுகுறுத்தது. பிள்ளையைத் தேற்றிவிட்டவரைப் போய் ஒரு ஸ்பூனுக்காகப் பேசிவிட்டோமே என்று வருந்தினாள். கிருத்திகை கழிந்த மறுநாள் கறிக்குழம்பு வைத்து, டப்பாவில் நிறைய எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

அனுசுயா எங்கோ வெளியே போயிருந்தார். அங்கே பெருக்கித் துடைக்கிற பூவம்மாள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினாள்.

"இத இங்க வெக்காதம்மா. அவங்களுக்கு வாசனையே ஆவாது. பொறந்ததுலேர்ந்து முட்டகூட தொட்டதில்ல."

வசந்திக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்க வூட்ல சாப்ட்டாங்களே?"

"ஓ, அது நீதானா?" பூவம்மாள் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணு வாட்டியும் இங்க வந்து, பின்னாடி கொழாகிட்ட வாந்தி எடுத்தாங்க. ஒத்துக்காததை ஏம்மா துன்னீங்கன்னு கேட்டேன். 'நான் முழுங்கினாத்தான் அந்தப் பொண்ணு கொயந்தைக்கு ஊட்டுது பூவம்மா'ன்னாங்க."